அவள் காதில் மட்டும் விழுந்தது

துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரின் முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, ராயபுரம் மாதா கோயில் மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். ஒலிப்பதிவு படிக்கிற பெண். வேலை பழக மைக்செட்காரரோடு வந்திருந்தாள். எண்ணெய் காணாத முடி, கழுத்தில் பெரிய ஹெட்போன். உள்ளே வந்ததும் ஒரு தரம் கை தட்டி, அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்று கேட்டாள்.

என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"புருசன்கிட்டயே வாய் தொறக்காதவ, மைக்குல இன்னா பேசப்போறா?" என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் மைக்கை என் கையில் கொடுத்தாள். "நீ மெதுவாவே பேசு பாட்டி. சத்தத்த நான் ஏத்திக்கிறேன்."

பேசினேன். முடிக்கும்போது கூட்டம் மறந்துபோய், அவர் படத்தைப் பார்த்து, உயிரோடு இருக்கையில் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். பிறகுதான் கையில் மைக் இருப்பது நினைவுக்கு வந்தது.

இறங்கி வந்து, "அதுவும் கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"நீ படத்தாண்ட திரும்பனதுமே வெளிய சத்தத்த கொறச்சிட்டேன் பாட்டி." ஹெட்போனைத் தொட்டாள். "இதுல மட்டும் வந்துச்சி." அவள் கண் கலங்கியிருந்தது.

அவருக்குக் கேட்டிருக்குமா, தெரியாது. நான் பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது.