மார்லீன் வீதியோரம் வைத்த கம்ப்யூட்டர்

மார்லீன் ஹோபனுக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரியும், அச்சடித்துக் கொடுத்துவிடுவாள். மல்லீ வட்டாரத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன ஊரின் வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், வீடு வீடாகப் போடுகிறவள் எல்லாம் அவளே. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து, சமையலறை மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் அது தயாராகிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் அவமானம் வந்து சேர்ந்தது. பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதற்கு மாறு என்றது திரை. மாற முடியுமா என்று பார்க்கும் சோதனையை ஓட்டினாள். சிவப்புக் குறி ஒன்று வந்து, இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று பெரிய எழுத்தில் சொன்னது. கீழே பொடி எழுத்தில் ஏதோ விவரம் இருந்தது. அவள் படிக்கவில்லை. நேற்றுவரை ஒழுங்காக உழைத்த ஒன்றைத் தகுதி இல்லை என்பவனின் விளக்கம் யாருக்கு வேண்டும்?

பக்கத்து நகரமான ஹார்ஷமில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் என்ன மாடல் என்றுகூடக் கேட்காமல், ஏழு வருஷப் பழசு என்றால் தூக்கிப் போடுங்கள் என்றார். தன் குளிர்பெட்டிக்கு அதைவிட மூன்று மடங்கு வயது, அதன் தகுதியை எவனும் வந்து சோதிக்கவில்லை என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

அது பெருங்குப்பை வாரம். வேண்டாததை எல்லாம் வீட்டுக்கு முன் புல் ஓரத்தில் வைத்துவிட்டால், கவுன்சில் லாரி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மார்லீன் வீம்புக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து அங்கே வைத்தாள். 'நன்றாகவே வேலை செய்கிறது' என்று அட்டையில் எழுதி, பாஸ்வேர்டையும் சேர்த்து ஒட்டினாள். பத்திரிகை நின்றுவிட்டது என்று பேக்கரியில் அறிவித்தாள்.

மறுநாளே கை நமநமத்தது. கால்பந்து கிளப்பில் சண்டையாம், அதை எழுத இடமில்லை. இந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் தான் யார் என்ற எண்ணம் வந்ததும் பயந்துபோய் வாசலுக்கு ஓடினாள். கம்ப்யூட்டரைக் காணோம். எதிர்வீட்டு ஜன்னலுக்குள் அது பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

எதிர்வீடு லெஸ் டக்கெட்டுடையது. ஆட்டுக்கு மயிர் கத்தரித்து ஓய்ந்தவன். அவளோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. இருந்தும் தெருவைக் கடந்து போய் அவன் கதவைத் தட்டினாள்.

"புது இயங்குதளமே ஓடுது, அம்மணி," என்றான் லெஸ். "உள்ள இருக்கிற பாதுகாப்புச் சில்லு அணைஞ்சிருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருந்தான். செட்டிங்ஸுக்குள்ள போயி ஆன் பண்ணேன். அவ்வளவுதான்."

மார்லீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அணைஞ்சிருக்குன்னா அதைப் பெருசா சொல்ல வேண்டியதுதானே? செத்த பொணம் மாதிரி தூக்கி வெளியில வைக்க வச்சுட்டானே! எத்தனை பேர் இப்படித் தூக்கிப் போட்டிருப்பாங்க?" மூச்சு வாங்கியபின், "சரி, அதைக் குடு," என்றாள்.

"வீதியோரம் வந்தா எடுத்தவங்களுக்கு. நீதானே முதல் பக்கத்துல எழுதின?"

எழுதியிருந்தாள். போன வருஷம் இதே வாரத்தில் லெஸ் தன் பிரம்பு நாற்காலியைக் கழுவிப் புல்லில் காயவைத்தான். மார்லீன் அதை எடுத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்டவனுக்குத் தலையங்கத்தில் பதில் சொன்னாள். அன்றிலிருந்து அவன் கண்முன்னே, அதே நாற்காலியில் உட்கார்ந்து மாலைத் தேநீர் குடிக்கிறாள்.

மார்லீன் வீட்டுக்குப் போனாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அதை அவன் வாசலில் வைத்துவிட்டு அவள் திரும்பியபோது, லெஸ் கம்ப்யூட்டரைச் சுமந்து அவள் பின்னாலேயே வந்தான்.

லாரி வருமுன் பத்திரிகை வந்துவிட்டது. 'தூக்கிப் போடாதீர்கள், முதலில் சில்லைப் பாருங்கள்' என்று முதல் பக்கம் முழுக்க மார்லீன் கொதித்திருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், நாற்காலி விஷயத்தில் லெஸ் டக்கெட்டிடம் மன்னிப்பும் கேட்டிருந்தாள். அதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தாள்.