பிடியரிசி

போர்க்காலத்தில் திருவனந்தபுரத்தில் அரிசிக்குப் பெரும் பஞ்சம். ரேஷன் அரிசி எங்கள் ஐந்து பேருக்குக் கஞ்சிக்கே காணாது. அப்போதும் என் மனைவி உலை வைக்கும்போதெல்லாம் ஆலயக் காணிக்கைக்கென்று ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவந்தாள். ஒரு சனிக்கிழமை அடுத்த வீட்டுக்காரி பாத்திரத்தோடு வந்து நிற்க, கலயத்தை அப்படியே அதில் கவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

“நாளைக்குக் காணிக்கைக்கு என்ன செய்வே?” என்று கேட்டேன்.

“பசிச்சவளுக்குக் கொடுத்தா கர்த்தருக்குக் கொடுத்த மாதிரிதான். நீங்க எண்ணாம சும்மா இரியுங்க.”

மறுநாள் வெறுங்கையோடு ஆலயத்தில் உட்கார்ந்திருந்தோம். “கர்த்தாவே, எங்களைப் புதிதாக்கும்” என்று போதகர் ஜெபித்தார். அவள் ஆமென் சொன்னாள். நான் மற்றவர்கள் கொண்டுவந்திருந்த அரிசிப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடியும் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. அன்று எங்கள் கடைசிக் குழந்தையின் கிண்ணத்தில் கஞ்சித் தண்ணீர்தான் இருந்தது, பருக்கைகளை எண்ணிவிடலாம்.