மறதிக்கு வந்த குளிசை

மாதவிடாய் நின்று பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு, அறுபத்திரண்டாவது வயதில், ஒரு காலை என் பாவாடையில் இரத்தம் கண்டேன். பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. காரணம் எதுவென்று எனக்குத் தெரியும்.

எனக்கு நோய் எதுவும் இருக்கவில்லை. கொக்குவிலில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஒரு கலியாண வீட்டில், மணப்பெண்ணை அவளுடைய தமக்கையின் பெயரால் கூப்பிட்டுவிட்டேன். அவ்வளவுதான். எனக்கு மூளை தேய்கிறது என்று என் கணவர் லண்டனிலுள்ள மகளுக்கு எழுதினார். அங்கே வயதுபோன பெண்கள் ஞாபகசக்திக்காகப் போடுகிறார்களாம் என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் அவள் ஈஸ்ட்ரோஜன் (மாதவிடாய் நின்றபின் உடலில் குறைந்துபோகும் பெண் சுரப்பு) குளிசைகளை, அதாவது மாத்திரைகளை, கொடுத்தனுப்பினாள்.

அன்று தொடங்கியது பரீட்சை. காலையில் அவர் பத்துச் சொற்கள் சொல்வார். பின்னேரம் நான் ஒப்புவிக்க வேண்டும்.

"குளிசை போட்டும் ஏழுதான் சொல்லுறீர்."

"நீங்கள் எத்தனை சொல்லுவியள்?"

"எனக்கென்ன மறதி வருத்தமே இருக்கு?" என்றார்.

நாலு மாதம் போட்டேன். மறதி வந்துவிட்டதோ என்று எனக்கும் உள்ளூரப் பயம் இருந்தது. அதற்காக இன்றும் என்மேல் எனக்கு வெறுப்பு.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஆர் அம்மா போடச் சொன்னது?"

"ஞாபகத்துக்கு நல்லமெண்டு மகள் அனுப்பினவ."

"கர்ப்பப்பை இருக்கிறவைக்கு இன்னொரு சுரப்புக் குளிசை சேர்க்காமல் இதைத் தனியக் குடுக்கக்கூடாது. உள்தோல் தடிச்சுப்போகும். சிலருக்குப் புற்றுநோயாயும் மாறும்." பிறகு கேட்டார்: "உங்களுக்கு மறதி எண்டு ஆர் சோதிச்சது?"

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன்.

கர்ப்பப்பையைச் சுரண்டினார்கள் (உள்தோலை வழித்தெடுக்கும் சிறு சத்திரசிகிச்சை). எடுத்த துண்டு சோதனைக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. போரால் கொழும்புப் பாதை பூட்டியிருந்த காலம். கிளாலிக் கடலைப் படகில் கடந்த ஒருவர் அந்தத் துண்டு இருந்த போத்தலைக் கொண்டுபோனார். முடிவு வர ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், எடுத்தது.

"உம்மடை நல்லதுக்குத்தானே செய்தனான்" என்றார் என் கணவர், இரண்டாம் கிழமையில்.

"அவ்வளவு நல்லதெண்டால் நீங்களே போட்டிருக்கலாம். இனி என்னட்டை ஒண்டும் கேக்கக்கூடாது."

அவர் கேட்கவில்லை. சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. உள்தோல் தடித்திருந்தது; குளிசையை விட்டால் போதும் என்றார் டொக்டர். டொக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். நான் இன்னும் பதில் போடவில்லை.

உங்களுக்கும் யாராவது அன்போடு இப்படியொரு பெட்டியை நீட்டினால், வாங்குமுன் ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். அவர்கள் மனம் நொந்தால் நோகட்டும்.

இரத்தம் நின்று ஒரு வருடமாகிறது. ஆனாலும் விடிந்ததும் என் கை முதலில் துணியைத்தான் தடவுகிறது. அறுபத்திரண்டு வருடம் நம்பியிருந்த உடம்பை இப்போது வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏழு கிழமையில் எந்த நாள் மழை பெய்தது, எந்த நாள் தபால் வரவில்லை, எல்லாம் வரிசையாகச் சொல்வேன். ஒரு நாளாவது மறந்துபோகாதா என்று பார்க்கிறேன். மறக்குதில்லை.