பொம்மைக் கம்பனிக்கு மன்னாரில் ஒரு மதிப்பீடு

“தாசன்ர மூத்தவள் ஜப்பான்காரன்ர பொம்மைக்கு விலை போடுறாளாம். கம்பஸுக்குப் போய்ப் படிச்சது இதுக்குத்தானோ?”

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில், பின் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்தது. தாசனின் மூத்தவள் நான்தான். திரும்பி, பொம்மைக்கு இல்லை, பொம்மை செய்கிற கம்பனியின் பங்குக்கு என்று திருத்தியிருக்கலாம். ஆனால் நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. கண்ணால் காணாத கம்பனிக்கு, அது அனுப்பும் அறிக்கையை மட்டும் படித்து மதிப்புச் சொல்வது எங்கள் தொழில். கதிரையில் உட்கார்ந்து முதுகு நோகிற வேலையை வீட்டில் விளங்கப்படுத்த முடியாமல் தவிக்கும் உங்களுக்கு என் நிலை தெரியும்.

பெயர் இல்லாத முதல் பக்கம்

மன்னார் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். நான்கு மேசை, நான்கு கணினி. கொழும்பில் இருக்கும் எங்கள் மேலதிகாரியான சேருக்காக வெளிநாட்டுக் கம்பனிகளைப் படிக்கிறோம். ஒவ்வொரு அறிக்கையும் கடைசியில் மூன்று சொற்களில் ஒன்றுக்கு வரவேண்டும்: வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம். அதை நம்பித்தான் வாடிக்கையாளர் முதல் போடுவார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதுவரை அவர்கள் எழுதியது சேரின் பெயரில் மட்டும் போகும். முதல் பக்கத்தில் சேரின் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்குக் கடைசி அறிக்கையாகக் கிடைத்தது, பொம்மையும் வீடியோ விளையாட்டும் செய்யும் ஒரு ஜப்பான் கம்பனி.

கொழும்போடு திரையில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் என் மைக் மூடியே இருக்கும். பக்கத்து மேசை ரிசானா அதைச் சொல்லாத நாள் இல்லை. “உன்ட குரல் எப்பிடி இருக்கும் எண்டு கொழும்புக்கு இன்னும் தெரியாது. ஊமைப் பிள்ளைக்கு இரக்கப்பட்டு வேலை குடுத்ததா நினைச்சிருப்பாங்க.”

பஜாரில் ஒரு ரோபோ

அந்தக் கம்பனியின் பொருள் ஒன்றையாவது தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு பஜாரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கம்பனியின் ரோபோவைப் போல ஒன்று மேல்தட்டில் இருந்தது. அசல் இல்லை, அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான். பெட்டி வெயிலில் வெளிறியிருந்தது.

விற்பனை எப்படி என்று கேட்டேன். கடைக்கார நானா பெட்டியை இறக்கித் தூசு தட்டினார். டிவியில் அந்த ரோபோவின் கார்ட்டூன் படம் போன காலத்தில் ஒரு பெட்டி வந்தால் ஒரு கிழமை நிற்காதாம். “படம் நிண்டுச்சு, இதுவும் நிண்டுச்சு. இப்ப பல்லி முட்டையிடத்தான் உதவுது, தங்கச்சி.”

நல்ல வருடம்

கம்பனியின் ஆண்டறிக்கையில் விற்பனை முன்னைய வருடத்தைப் போலத்தான் இருந்தது. வீடியோ விளையாட்டின் புதிய பாகத்தை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆனால் இலாபம் இரண்டு மடங்காகியிருந்தது. செலவைக் கெட்டித்தனமாகக் குறைத்திருக்கிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, “வாங்கலாம்” என்று எழுதி அனுப்பினேன்.

சேர் அன்றே அழைத்தார். மூன்று மாதத்தில் முதல் பாராட்டு. சிங்கப்பூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு வாயால் சொல்லியும் விட்டாராம். “வெள்ளிக்கிழமை கூட்டத்தில ஒருக்காப் பார்த்திட்டு அனுப்புவம். நல்லாச் செய்திருக்கிறீங்கள்.”

ஜெசி அக்காவின் படிவம்

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது ஜெசி அக்கா எங்கள் வாசலில் நின்றா. கருவாடு போடுகிறவ. உதவித் திட்டம் ஒன்றுக்குப் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் தெருவில் படிவம் என்றால் என்னிடம்தான் வரும்.

போன வருட வருமானம் என்ற இடத்தில் அக்கா சொன்னதை எழுதப் போனேன். தொகை பெரிதாக இருந்தது. கேட்டபோது, அதில் வள்ளம் விற்ற காசும் இருக்கிறது என்றா. புருஷன் இப்போது மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். முந்தி ஒரு படிவத்தில் அதையும் சேர்த்து எழுதியதால், வசதியான குடும்பம் என்று பெயரை வெட்டிவிட்டார்களாம். இரண்டையும் தனித்தனி வரியில் எழுதிக் காட்டினேன். அக்கா விரலை வைத்து இரண்டு வரியையும் பார்த்தா. “வள்ளம் வித்த வருசம் ஆருக்கும் நல்ல வருசம்தான், பிள்ளை. அடுத்த வருசம் எதை விக்கிறது?”

இரண்டு மடங்கு இலாபத்துக்கு நான் கண்டுபிடித்த காரணம் நினைவுக்கு வந்தது.

எழுபத்துச் சொச்சமாம் பக்கம்

திங்கள் காலை கந்தோர் திறந்த கையோடு கம்பனியின் ஆண்டறிக்கையில் பின்பக்கக் குறிப்புகளைத் தேடினேன். எழுபதைத் தாண்டிய ஒரு பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு பழைய தொழிற்சாலையை நிலத்தோடு விற்றிருக்கிறார்கள். அந்தக் காசைக் கழித்துப் பார்த்தால் இலாபம் முன்னைய வருடத்தை விடக் குறைவு. அவர்களும் வள்ளத்தை விற்றிருக்கிறார்கள்.

இதைச் சேருக்கு எழுதினேன். அவர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. வாடிக்கையாளருக்குச் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்று கேட்டார். பிழை என்னுடையதுதான் என்றேன். அதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: “மூண்டு மாசம் வச்சுப் பாக்கிறது இதுக்குத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசியுங்கோ.”

வெள்ளிக்கிழமை

சேர் என் பழைய அறிக்கையைத்தான் திரையில் போட்டார். “வாங்கலாம்” அப்படியே இருந்தது. ஆருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ரிசானா என்னைப் பார்த்தாள். மைக்கைத் திறந்தேன்.

என்ன சொன்னேன் என்பது முழுதாக நினைவில் இல்லை. விற்ற நிலத்தை ஒரு வரியிலும், பொம்மையும் விளையாட்டும் உழைத்ததை இன்னொரு வரியிலும் எழுதிக் காட்டி, இதை வாங்கச் சொல்ல என்னால் முடியாது என்றேன். கொழும்பில் ஒருவர், இது ஆர் பேசுறது என்று கேட்டார்.

திரையில் சேரின் சுட்டி அசைந்தது. “வாங்கலாம்” என்ற சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், தன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார்.