வலிக்காத முள்

குளத்தூருக்கு மேற்கே உள்ள கண்மாயில் நூறு நாள் வேலை பார்க்கும் பெண்கள் சொர்ணவல்லியை முள்ளு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீமைக் கருவேலம் வெட்டுகிற இடத்தில் ஒரு நாளைக்கு நாலு பேராவது நொண்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். தாலிச் செயினில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றி, தீக்குச்சி கிழித்து முனையைச் சுட்டுக்கொண்டு, வந்தவள் காலைத் தன் மடியில் போட்டுக்கொள்வாள். பேசிக்கொண்டிருக்கும்போதே முள் வெளியே வந்துவிடும். கையெழுத்துப் போடத் தெரியாதவள். நாற்பத்தெட்டு வயதுவரை அவள் சம்பாதித்த மரியாதை எல்லாம் அந்த ஊக்கு வாங்கிக் கொடுத்ததுதான்.

சுகுணா அடுத்த வீட்டுக்காரி. பிள்ளை இல்லை. புருஷன் சிவபிரகாஷ் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். போன வருஷம் தை மாதம், தன் குதிகாலில் மிளகளவு கருப்பாக ஏதோ தெரிகிறது என்று அவள் வந்து நின்றாள்.

சொர்ணவல்லி அமுக்கிப் பார்த்தாள். உள்ளே முள் இருந்தால் அமுக்கும்போது உயிர் போகும். எந்த முள்ளும் அவளிடம் அப்படித்தான் அகப்படும். சுகுணாவுக்கு வலிக்கவில்லை. கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டு காலை உதறினாள். சொர்ணவல்லிக்கு அது ஒரு கணம் உறுத்தியது. ஆனால் சுற்றி ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணுக்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோண்டினாள். ஒன்றும் வரவில்லை.

"ஒடிஞ்சு உள்ள போயிருச்சு. எருக்கம்பால் வையி, மேல ஏறி வரும்" என்றாள்.

பிறகு மாசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் புள்ளி பெரிதாகி இருந்தது. ஓரம் ஒழுங்கில்லாமல், துணியில் மை சிந்தியது போல ஒரு பக்கம் மட்டும் பரவியிருந்தது. ஆடியில் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று சுகுணா சொன்னபோதும், காலில் புண் இருந்தால் நெறி கட்டத்தானே செய்யும் என்று சொர்ணவல்லிதான் தைரியம் சொன்னாள். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சுகுணா கேட்டது அவளை.

புரட்டாசியில் புண் வாய் திறந்து ரத்தம் கசிந்தது. சொர்ணவல்லிதான் துணைக்குப் போனாள். புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. உடனே திருச்சிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே புற்றுநோய்க்கென்றே இருந்த ஆஸ்பத்திரியில் கலைமதி என்ற டாக்டர், சுகுணாவின் காலை விளக்குக்கு நேராகத் திருப்பிக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சதை எடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய். நம் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும், முள் என்றும் கால் ஆணி என்றும் விட்டுவிடுவார்கள் என்றார் டாக்டர்.

"இது அமுக்கினா வலிச்சுச்சாம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

"யாரு நோண்டினது?"

சொர்ணவல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள். "நானேதான்."

திறந்த வாயை சொர்ணவல்லி மூடிக்கொண்டாள்.

"நோண்டினதால இது வரல. ஆனா நாள் போயிருச்சு. புள்ளியா இருந்தப்பவே வந்திருந்தா அதோட வெட்டி எடுத்திருப்போம்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ் கீரனூரைத் தாண்டியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"ஒங்களத் திட்டுவாங்கள்லக்கா" என்றாள் சுகுணா. குவைத்துக்குப் போன் போட்டபோதும் புருஷனிடம் அதே பொய்யைத்தான் சொன்னாள்.

ஐப்பசியில் குதிகாலை அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இடுக்கில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். சிவபிரகாஷ் பத்து நாள் லீவில் வந்து பார்த்துவிட்டுப் போனான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் சொர்ணவல்லிதான் கூடப் போனாள், வேலை அட்டையில் அந்த நாட்கள் எல்லாம் ஆப்சென்ட். கால் யானைக்கால் போல வீங்கியது. மாசியில் எடுத்த ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பொரிப்பொரியாகப் பரவியிருந்தது. இனி வலி தெரியாமல் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று கலைமதி டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று சொர்ணவல்லிக்குப் புரிகிறவரை படம் வரைந்து காட்டினார்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம், சுகுணாவின் நல்ல காலை மடியில் வைத்து சொர்ணவல்லி தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலில் விரல் ஓடியும் சுகுணா அசையவில்லை.

"இந்தக் கால்லகூடக் கூச்சம் போயிருச்சுக்கா" என்றாள்.

பங்குனி பிறந்து நாலாம் நாள் இறந்துபோனாள்.

சிவபிரகாஷ் வந்து அடக்கம் செய்தான். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். அறிவு கெட்டவள், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தானே நோண்டி நோண்டித் தன்னைக் கொன்றுகொண்டாள் என்று. எட்டு நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொர்ணவல்லி அதைக் கேட்டாள். ஒன்பதாம் நாள் போய் அவன் முன்னால் உட்கார்ந்தாள். செயினிலிருந்து ஊக்கைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அவ நோண்டலப்பா. நாந்தான் நோண்டுனேன். அவள வையாத."

அவன் ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று மட்டும் கேட்டான்.

"அப்ப அவளுக்கு வலிச்சுச்சாக்கா?"

"இல்ல. சிரிச்சா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "போங்க. இனிமே இங்கிட்டு வராதீங்க."

திங்கட்கிழமை கண்மாயில் கூட வேலை பார்க்கும் அமராவதி ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சொர்ணவல்லி குடத்துத் தண்ணீரை ஊற்றி அவளுடைய இரண்டு பாதங்களையும் கழுவினாள். விரலிடுக்கு, நகத்தடி, குதிகால் எல்லாம் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருப்பாக எந்தப் புள்ளியும் இல்லை. பெருவிரலுக்குக் கீழே ஒரு முள்; நுனி வெளியிலேயே தெரிந்தது.

"ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட போய் எடுத்துக்க" என்றாள்.

"ஏங்க்கா, டாக்டரு ரிட்டையர் ஆயிட்டீகளா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊக்குகூட வேண்டியதில்லை, இரண்டு நகத்தால் பிடித்து இழுத்தால் வந்துவிடும் முள். சொர்ணவல்லி அந்தக் காலை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.