அரைநாள் அக்கா

அலுவலகத்தில் அவளுக்கு அரைநாள் அக்கா என்று பெயர். காலை எட்டு மணிக்கு வருவாள், மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கம்பெனிக்காகப் போனில் புகார் கேட்கும் வேலை. துணி துவைக்கும் மெஷின் சுற்றவில்லை, மிக்ஸி புகைகிறது என்று ஐந்து மணி நேரமும் யாரோ ஒருவருடைய கோபம் காதில் விழுந்துகொண்டிருக்கும். உள்ளே போகும்போதே சொந்த செல்போனை அணைத்து வாசல் அலமாரியில் பூட்டிவிட வேண்டும். சாவி மேற்பார்வை பார்க்கும் பெண்ணிடம் இருக்கும்.

ஒரு மணிக்கு மேல் அவள் முதலாளி.

மாமியார் கைகால் விழுந்து படுத்திருந்த இரண்டு வருடமும் அவரைத் தூக்கி உட்காரவைத்தது அவள்தான். இடுப்பு விட்டுப் போயிற்று. ஒருநாள் கெட்டித் துணியில் நான்கு கைப்பிடி வைத்து ஒரு பெல்ட் தைத்தாள். அதை மாமியார் இடுப்பில் மாட்டித் தூக்கியபோது பாரம் பாதியாகத் தெரிந்தது. அவர் போன பிறகு மூன்று வீட்டார் அந்த பெல்ட்டைக் கேட்டு வந்தார்கள்.

“அண்ணி, இது தையல் இல்ல. இது ஒரு கம்பெனி,” என்றான் கணவனின் தம்பி. வேறொரு இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அவனே வெப்சைட் போட்டு, அவள் படத்துக்குக் கீழே ‘நிறுவனர்’ என்று எழுதினான். அன்றிலிருந்து கணவன், “நிறுவனரம்மா, காஸ் தீர்ந்துபோச்சு,” என்றுதான் கூப்பிட்டான்.

சொந்தத் தொழில் காலூன்றும்வரை வீட்டு வாடகைக்கு அரைநாள் வேலை, அதுவும் ஆறே மாதம் என்றுதான் ஆரம்பித்தாள். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் செல்போனை உயிர்ப்பித்தபோது ஒரே எண்ணிலிருந்து பதினோரு அழைப்புகள். திருப்பி அழைத்தாள். எடுக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் ஆள் யார் என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவிக்காக பெல்ட் வாங்கியவர். சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் பெல்ட்டின் உடைந்த பிளாஸ்டிக் கொக்கியை அவள் கையில் வைத்தார். தூக்கும்போது உடைந்து, மனைவி வழுக்கித் தரையில் விழுந்திருக்கிறார். அவரால் தனியாகத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. தலைக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, யாராவது வரும்வரை இரண்டு மணி நேரம் அவரும் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“அடி பட்டுச்சா ஐயா?”

“எலும்பு தப்பிச்சுது. டாக்டர் வந்து பாத்தாரு.” அவர் குரல் ஏறியது. “கம்பெனின்னு போட்டிருக்கீங்க. போன் எடுக்க ஒரு ஆள் கிடையாதாம்மா?”

“அந்த நேரத்துல நான் வேற வேலையில இருந்தேங்க.”

“அப்படி என்ன வேலை?”

“போன் எடுக்கற வேலை.”

கிண்டல் செய்கிறாளோ என்று உற்றுப் பார்த்தார். அவள் முகத்தைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் பெல்ட்டை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். கட்டிலிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. “அதை எடுத்துட்டுப் போயிடாதம்மா. அது இல்லேன்னா இவரால என்னை நகர்த்தக்கூட முடியாது.”

எடுத்துப் போகவும் முடியவில்லை, விட்டுப் போகவும் மனமில்லை. கொக்கி இருந்த இடத்தில் பட்டையை மடித்து, கெட்டி நூலால் ஆறு வரிசை தைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தாள். “ரெண்டு பேரா மட்டும் தூக்குங்க ஐயா. சீக்கிரமே வேற கொண்டுவரேன்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விற்ற அறுபத்து மூன்று பெல்ட்டிலும் அதே கொக்கிதான். மலிவாகக் கிடைக்கிறது என்று தேடிப் பிடித்தவன் கொழுந்தன்.

“ஒண்ணு உடைஞ்சா எல்லாமே உடையுமா அண்ணி? எல்லாத்தையும் திரும்ப வாங்கினா கம்பெனியே படுத்துடும்.”

“அடுத்தது உடையறப்ப யார் வீட்டுல விழணும்? நீயே சொல்லு.”

அன்று மாலையே அவன் அறுபத்து மூன்று வீட்டுக்கும், ‘கொக்கி மாற்றித் தருகிறோம், அதுவரை இதை வைத்துத் தூக்க வேண்டாம்’ என்று செய்தி அனுப்பினான். வெப்சைட்டில் தன் போன் எண்ணையும் சேர்த்தான்.

மறுநாள் பஸ்ஸில், வேலையை விடுகிறேன் என்று சொல்ல மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். வாசகம் நன்றாகத்தான் அமைந்திருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் இரும்புக் கொக்கி வாங்கப் பணம் வேண்டும். மேற்பார்வைப் பெண் முன்னால் போய் நின்றபோது வாயிலிருந்து வந்தது வேறு.

“மேடம், எனக்கு முழுநாள் வேலை கிடைக்குமா?”

“அக்கா! இதைத்தானே நான் ஆறு மாசமாக் கேட்டுட்டிருக்கேன்!” அந்தப் பெண் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளோ கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் கண்டக்டர் வீட்டு பெல்ட்டுக்குக் கொக்கி மாற்றினாள். மற்றதெல்லாம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று. விடிகாலையில் எழுந்து, அலுவலகத்துக்குக் கிளம்பும்வரை தைத்தாள். கணவன் பழைய கொக்கியைப் பிரித்துக் கொடுத்தான், அவள் புதியதைப் பூட்டினாள். அதன் பிறகு ஒன்றும் உடையவில்லை.

சொந்தத் தொழில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கிறது. வாரத்துக்கு நான்கைந்து பேர் பெல்ட் கேட்டு எழுதுகிறார்கள். ‘இரண்டு மாதம் ஆகும், பொறுக்க முடியுமா?’ என்று பதில் போடுகிறாள். போடும்போதே கை தயங்குகிறது. படுக்கையில் இருப்பவருக்கு இரண்டு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.