கரண்டியில் ஓடிய பிக்கப்

கடலோரத்துல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வெச்சவனுக்கு எதிரி எதிர்க்கடைக்காரன் இல்லீங்க, உப்புக் காத்துதான். இன்னைக்குப் பளபளன்னு மாட்டுற ஸ்விட்சு அடுத்த சீசனுக்குள்ள பச்சை பூத்துப் போயிடும். டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழா படுத்துக் கழுத்து சுளுக்கின என் சக பாவிகளே, மரக்காணத்துல ஒரே ஒரு இக்னிஷன் ஸ்விட்சு மாத்தி நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

ஸ்பூன் காம்பு

ரஹீம் பாய் உப்பு வியாபாரி. அவரோட பிக்கப்புக்கு என்னை விட வயசு ஜாஸ்தி. சாவி எப்பவோ தொலைஞ்சி போச்சு. ஸ்விட்சு தேஞ்சிட்டதால தட்டையா எதை விட்டுத் திருப்பினாலும் ஸ்டார்ட் ஆவும். பாய் ஒரு ஸ்பூன் காம்பைச் சொருகி வெச்சிருந்தார். உப்பளத்துல யாரு கை சும்மா இருக்குதோ அவங்க ஏறி ஓட்டிட்டுப் போவாங்க, அதான் அங்க வழக்கம்.

சிக்கல் என்னன்னா, பள்ளத்துல குலுங்கினா ஸ்பூன் ஆடி வண்டி நட்டநடுவுல நின்னுடும். மழை வர்றதுக்குள்ள மூட்டை ஏத்துற நேரம் வேற. "புது ஸ்விட்சு போட்டுடலாம் பாய், சாவியும் வரும்"னு வாதாடினேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, சாவி இல்லாமலே ஓடுற வண்டிக்கு எதுக்குப்பா சாவி?"

ஹாரன் கச்சேரி

ஒருவழியா பாயைச் சம்மதிக்க வெச்சா, அந்த மாடலுக்கு ஸ்விட்சு எங்கேயும் கிடைக்கல. வேற வண்டிக்கான புதுசு ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன். உள்ள பார்த்தா வயர் எல்லாம் ஒரே கலரு, உப்புக் கலரு. குத்துமதிப்பா மாட்டித் திருப்பினேன். இஞ்சின் கம்முனு கிடக்குது, வைப்பர் ஆடுது, ஹாரன் அலறுது! டீக்கடை ஜனமெல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க. பக்கத்துப் பஞ்சர் கடை செல்வம் காதைப் பொத்திக்கிட்டு கத்தினான்:

"அண்ணே, வண்டியைத் தவிர எல்லாம் ஸ்டார்ட் ஆயிடுச்சுண்ணே!"

பத்திரமான சாவி

ஒவ்வொரு வயரா சுரண்டிப் பார்த்து சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டேன். தொட்டதும் ஸ்டார்ட்.

மறுநாள் மதியம் மல்லிகா அக்கா போன் பண்ணாங்க. குத்தகைக்கு உப்பளம் எடுத்து உப்பு வாருறவங்க. சீசனோட கடைசி உப்பு மொத்தமும் மூட்டையா பிக்கப்ல ஏத்தியாச்சு. பிக்கப் நிக்கிறது உப்பளத்து நடுவுல மண்கரை மேல. வானம் கருகருன்னு இருக்குது. "தம்பி, ஸ்பூனு உள்ள போவ மாட்டேங்குதே!"

கரை நனைஞ்சா டயரு சேத்துல இறங்கிடும், உப்பு அத்தனையும் கரைஞ்சி ஓடிடும். வெயில்ல அவங்க பட்ட பாடெல்லாம் வீணாயிடும். காலையில வண்டியைக் கொண்டாந்து விட்ட பாய், புது ஸ்விட்சோட வந்த ரெண்டு சாவியையும் எடுத்துக்கிட்டு குயிலாப்பாளையத்துல மக வீட்டுக்கு விருந்துக்குப் போயிட்டார். போன் போட்டேன். மனுஷன் குரல்ல அவ்ளோ பெருமை!

"சாவியா? கவலையே படாதேப்பா, என் சட்டைப் பாக்கெட்டுல பத்திரமா இருக்குது!"

புடி தம்பி, புடி

நல்லவேளை, பழைய ஸ்விட்சை நான் தூக்கிப் போடல. பைக்கை முறுக்கிட்டுப் போய், புதுசைக் கழட்டி, பழசை வயர்ல மாட்டி அப்படியே தொங்க விட்டேன். அக்கா ஸ்டியரிங்கைப் புடிச்சாங்க, நான் ஸ்பூனைப் புடிச்சேன். பள்ளத்துக்குப் பள்ளம் "புடி தம்பி, புடி!"ன்னு ஒரே சத்தம். குடோனுக்குள்ள வண்டி நுழையவும் மழை கொட்டவும் சரியா இருந்துச்சு. அக்கா மூட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாங்க. ஒரு சொட்டு கூடப் படல. சிரிச்சிக்கிட்டே அழுதாங்க, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த நாள் புது ஸ்விட்சைத் திரும்ப மாட்டும்போது, பாயைப் பக்கத்துல வெச்சிக்கிட்டே அக்கா ஒரு நைலான் கயித்தை நீட்டினாங்க.

"சாவியை ஸ்டியரிங்கோட சேர்த்துக் கட்டு தம்பி, பாயால அவுக்கவே முடியாத முடிச்சா பார்த்துப் போடு."

ஆக, வண்டிக்கு சாவி வேணும்னு வாதாடி ஜெயிச்ச நானே, அந்தச் சாவியை யாரும் எடுத்துட்டுப் போக முடியாதபடி கட்டிப் போட்டுட்டு வந்தேனுங்க.